அழுகண்ணிக்குப் பிடித்த குடை

வந்த விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் முடியாது என்றாவது எழுத வேண்டும். இந்த விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே அரசாங்கத்தில் ஓய்வு பெற்றவள் நான். அதைப் பொருட்படுத்தாத அலுவலகம் ஒன்றை முதன்முதலில் அறிந்தபோது எனக்குப் பத்து வயது.

துபாயிலிருந்து விடுப்பில் தென்காசிக்கு வந்த என் தாய்மாமா, ஊர் வழக்கப்படி டேப் ரிக்கார்டர் கொண்டுவராமல் ஒரு பெல்லோஸ் கொண்டுவந்தார். ஆர்மோனியத்தின் துருத்திபோல் மடிந்து விரியும் கறுப்புச் சாதனம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டினால் எறும்பு கிடாய்போலத் தெரியும். செடிகளை ஆராயும் அரசு அலுவலகம் ஒன்று படம்பிடிக்க ஆள் தேடியது. சிறு செடியைப் பெரிதாக எடுத்த படம் ஒன்றை விண்ணப்பத்தோடு கேட்டிருந்தது. வேலை கிடைத்தால் மாமா திரும்பிப் போக வேண்டியதில்லை. இது அவருக்கும் மாமிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். துபாய்ப் பணத்தில் மாடி கட்டத் திட்டமிட்டிருந்த குடும்பத்திடம் வேறெப்படிச் சொல்வது?

சாரலுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போனோம். எல்லோரும் எண்ணெய் தேய்த்து அருவிக்கு ஓட, மாமா ஈரப்பாறையில் குப்புறப் படுத்துவிட்டார். மூக்கெதிரே அழுகண்ணி: சிவந்த மயிர்நுனிகளில் பசைத்துளி ஏந்திய, நாலணாக் காசு அகலச் செடி. பெல்லோஸை நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும். ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் செடி அசைந்தால் படம் கலங்கிவிடும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் அசையாதது எது? ஆறு மாத வயிற்றோடு மாமி குத்தவைத்து, காற்று வரும் பக்கம் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். சுருளில் மிச்சமிருந்தது ஒரே படம்.

மாமாவின் அக்காவான என் உம்மா வந்து நின்றார். "ஏலே, குடும்பமே அருவிகிட்ட வரிசையா நிக்குது. நீ இங்கன புல்லு முன்னால கெடக்க. ஒரு படம் எடுல."

"அக்கா, இத மாட்டுனா தூரத்துல உள்ளது தெரியாது."

"அதக் கழட்டு. தாலியா கட்டிருக்கு?"

"கழட்டுனா இந்த வெளிச்சம் போயிரும்க்கா."

"அக்கா மூஞ்சி தெரியாது, புல்லு மட்டும் தெரியும். துபாய்க்காரவுகளுக்குக் கண்ணே வேற போல!"

மாமா எழுந்து, கேமராவை அருவிப்பக்கம் திருப்பி, எதையும் அழுத்தாமல் கையை மட்டும் ஆட்டினார். அருவி இரைச்சலில் ஷட்டர் சத்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்? வரிசை திருப்தியோடு கலைந்தது. அவர் மறுபடியும் குப்புறப் படுத்தார்.

"ஏட்டி, ஆடாம நில்லு" என்று மாமி என்னை அதட்டினாள். சட்டென்று காற்று நின்றது. மாமி மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

"படம் விழுந்துட்டா?"

"விழுந்துட்டு."

வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு களைச்செடிமேல் இவளுக்கு ஏன் இத்தனை பிரியம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

விண்ணப்பம் போனது. சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் மாமா வாசலுக்குப் போனார். பால்காரர் மணிக்கும் போனார். விடுப்பை ஒரு தடவை நீட்டினார். "விசா முடிஞ்சிரும்லே, பெட்டியக் கட்டு" என்று உம்மா நாள்தோறும் விரட்ட, கடைசியில் பம்பாய்க்கு ரயிலேறினார்.

பிறகு ஒரு பழுப்பு உறை வந்தது. மாமி அதைப் பிரித்தாள். என்னை வாசிக்கச் சொன்னாள். படம் திருப்தி, நேர்காணலுக்கு வரவும் என்றிருந்தது.

"மாமி, படம் பாஸாயிட்டு!" என்று குதித்தேன்.

"ஆமாட்டி, பாஸாயிட்டு. மேல தேதி என்ன போட்டுருக்கு? இன்னொருக்கா வாசி."

என் வாசிப்பில் மயங்கித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இன்னும் உரக்க வாசித்தேன். அதிகாரி கையெழுத்திட்ட அந்தத் தேதியில் மாமா எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். கடிதம் வந்து சேர்ந்தது அவர் விமானம் ஏறிய மறுநாள்.