வேறு பிரதி எதுவும் இல்லை

எந்தக் கடிதத்துக்கும் பதினான்கு நாளுக்குள் பதில் போக வேண்டும்; முழுப் பதில் தயாராகவில்லை என்றால் 'கிடைத்தது' என்றாவது ஒரு வரி எழுத வேண்டும். நான் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் இதுதான் விதி. ஓய்வு பெறும்வரை அதை நான் மீறியதில்லை. உலகமும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பியதுதான் என் பிழை.

1984-இல் பினாங்கு ஜோர்ஜ்டவுனில் நடந்தது இது. என் சித்தப்பா கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அறுபதுகளில் ஒரு ராக் பேண்டில் டிரம் அடித்தவர் என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்றுதான் அப்போது 'ஜானி' என்று பெயர் வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி வேலைக்கு வந்த எங்கள் தாத்தாவுக்கு, மகன் கொட்டு அடிப்பதைவிட வேலையில்லாமல் இருப்பதே மேல்.

பேண்டின் தலைவர் கித்தார்க்காரர். பைராம் என்ற எஸ்டேட்டில் பிறந்தவர், ஆயர் ஈத்தாம் சாலையில் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். ஒத்திகையெல்லாம் அங்கேதான். ஒரு தடவை கோலாலம்பூர் போய், ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் இரண்டு பாட்டைப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். தட்டு வெளிவரவே இல்லை. அதனால், தான் அடித்ததைச் சித்தப்பா ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

1984 தொடக்கத்தில் சித்தப்பாவின் காது டாக்டர் கையை விரித்தார். ஒரு காது போய்விட்டது, மற்றது ஒரு வருடம் தாங்கினால் பெரிது. சித்தப்பா என்னிடம் வந்தார்.

"அந்த டேப்பை ஒருக்கா கேக்க வேணுமடா. நீதானே கடிதம் எழுதுறதில கெட்டிக்காரன்."

கெட்டிக்காரன் எழுதினேன். மூன்று பிரதி, மேலே பார்வை எண், கீழே இணைப்புகளின் பட்டியல். கம்பெனிக்கு இரக்கம் வரட்டும் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன்: 'இக்குழுவின் வாசிப்புக்கு வேறு பிரதி எதுவும் எங்களிடம் இல்லை.'

தலைவரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று பட்டறைக்குப் போனேன். அவர் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, கடிதத்தைப் படித்துச் சிரித்தார்.

"இதுக்குப் போய் கடுதாசியா தம்பி? டிரம் செட்டு மேல பரண்லதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை ஜானியைக் கூட்டிக்கிட்டு வாங்க லா. நாங்க வாசிக்கிறோம், கேசட்ல பிடிச்சு அங்கேயே போட்டுக் கேட்டுக்கலாம்."

"இல்லை அண்ணே, முதல்ல பதில் வரட்டும். இப்ப ஒண்டு பதிஞ்சா, வேற பிரதி இல்லையெண்டு நான் எழுதினது பொய்யாப் போயிடும்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். "தம்பி, நீங்க கவர்மெண்டுல பெரிய ஆளா வருவீங்க" என்றபடி கையெழுத்துப் போட்டார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு நாள் போனது. நினைவூட்டல் எழுதினேன். இரண்டாவது நினைவூட்டலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவதில், முந்தைய இரண்டையும் தேதியோடு சுட்டிக்காட்டினேன்; அழகான கடிதம் அது. முதலில் தினமும் "வந்ததோ?" என்று கேட்ட சித்தப்பா, பிறகு வாரத்துக்கு ஒரு முறை கேட்டார். பிறகு கேட்கவேயில்லை. மனுஷருக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, பட்டர்வொர்த்திலிருந்து இருவரும் ஒன்றாக ஃபெரியில் திரும்பினோம். படகு கரை சேர்ந்ததும் மோட்டார்சைக்கிள்கள் சீறிக்கொண்டு இறங்கின. ஹார்ன் சத்தத்தில் கூட்டமே ஒதுங்கியது. சித்தப்பா மட்டும் நடுவில் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் அவர் காலணியை உரசிக்கொண்டு போனது.

"ஏன்டா இழுக்கிறாய்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்பதை நிறுத்தியது பொறுமையால் அல்ல; நல்ல காதும் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பதிலும் இல்லாமல், பட்டறைக்கு அழைத்துப் போனேன். டிரம் செட் தூசி தட்டித் தயாராக இருந்தது. கித்தார்க்காரர் தன் ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளிவந்து சித்தப்பாவின் முதுகோடு ஒட்டி வைத்தார். "காதுல கேக்காட்டி முதுகுல கேக்கட்டும்."

ரயில்வே கிராணி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். அடுத்த நிமிடம் பட்டறைச் சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் அதிர்ந்தன. எனக்கு இசை தெரியாது. ஆனால் வாய்பிளந்து நின்றேன் என்பது நினைவிருக்கிறது.

வாசித்து முடித்து, அதைப் பதிந்த கேசட்டைப் போட்டார்கள். சித்தப்பா நல்ல காதை ஸ்பீக்கரில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"கேட்டுச்சா ஜானி?" கித்தார்க்காரர் அவர் முகத்துக்கு நேரே கத்தினார்.

"கொட்டுச் சத்தம் கேட்டுது. உன்ர கித்தார் ஒரு துளியும் கேக்கேல்லை" என்றார் சித்தப்பா. "நல்லதாப் போச்சு. நீ அப்பவும் பிழையாத்தான் வாசிப்பாய்."

கித்தார்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கையைத் துடைக்கும் துணியால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஆறு மாதம் முன்பு வந்திருந்தால் கித்தாரும் கேட்டிருக்கும். இருவருமே அதை என்னிடம் சொல்லவில்லை.

பொங்கலுக்குள் அந்தக் காதும் அடைத்துவிட்டது. அதன் பிறகுதான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: அந்த டேப்பை அழித்து, வெகுகாலம் முன்பே அதில் வேறு பாட்டுப் பதிந்துவிட்டார்களாம். சித்தப்பா அதை வாங்கிப் படித்து, என் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். யாராவது ஒரு நல்ல காரியத்தை 'பதில் வரட்டும்' என்று தள்ளிப்போட்டால், அந்தக் கடிதத்தின் மேல் நானே குத்திய முத்திரைதான் இன்றும் எனக்கு நினைவு வருகிறது: பெறப்பட்டது, 12 மார்ச் 1985.