வேன் ஓனர் உடனே மேடைக்கு வரவும்

மைக் செட் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் பேசுவது நாலு தெருவுக்குக் கேட்கும், ஆனால் ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்குள் பெருங்களத்தூரில் ஒரு மைக் செட் கடையில் அறிவிப்பு பேசப் போனேன். எனக்கு யார் குரலும் வரும். தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு அக்கா, எங்கள் ஹெச்.எம்., பொத்தேரி ஷேர் ஆட்டோ அண்ணா, எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் குரலை வைத்து எங்கள் ஓனரை ஏமாற்றிய கதையில் உங்களுக்கு ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. இப்போது தர மாட்டேன். ஜன்னலைச் சாத்தினாலும் ஒலிபெருக்கி உள்ளே வரும் தெருக்களில் வாழும் என் சக துன்பவாசிகளே, இத்தனை வருஷம் பொறுத்தீர்கள், இன்னும் ரெண்டு பக்கம் பொறுங்கள்.

காலையில் தருவோம், மாலையில் தர மாட்டோம்

பெண்களுக்கு மாசாமாசம் அரசு கொடுக்கும் தொகை பற்றி அப்போது ஊரெல்லாம் ஒரே சண்டை. ஒரு கட்சிக்காரர் வந்து, "தொகையை உயர்த்துவோம், எல்லாருக்கும் தருவோம்" என்று பேசி ரெக்கார்ட் பண்ணச் சொன்னார். மதியம் இன்னொரு கட்சிக்காரர் வந்து, "இலவசத்தை ஒழிப்போம், வேலை தருவோம்" என்றார். முதலாமவருக்குக் கனிவாக, இரண்டாமவருக்குக் கோபமாகப் பேசிக் கொடுத்தேன். வேன் ஒன்றுதான். காலையில் ஒரு கொடி, சாயங்காலம் இன்னொரு கொடி.

மார்க்கெட் முனையில் கீரை விற்கும் அக்காவுக்கு மட்டும் காது நல்ல காது. இரண்டாவது நாள் வேனை மறித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காலைல தரேன்ற, சாயங்காலம் தராதேன்ற. ரெண்டும் உன் குரல்தான். முடிவா ஒண்ணு சொல்லு பாப்பா, எனக்குக் கீரை வாடிகினு கீது."

மைக் டெஸ்டிங்

மற்ற கடைகளில் மைக்கைத் தட்டி "ஒன், டூ, த்ரீ" என்பார்கள். எங்கள் ஓனர் செல்வம் அண்ணன் நேராகச் சொற்பொழிவுக்கே போய்விடுவார். "உழைக்காம கை நீட்டறவனாலதான் நாடு உருப்படல. சும்மா குடுக்கறத நிறுத்துங்கய்யா!" என்று அவர் முழங்கினால் ஸ்பீக்கர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் அப்படி டெஸ்டிங் உச்சத்தில் இருந்தபோது, அண்ணி சாப்பாட்டுக் கூடையோடு கடைக்குள் வந்தார். மைக் ஆனில் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"என்னங்க, இந்த மாச உரிமைத் தொகை ஏறிடுச்சா, போன்ல மெசேஜ் பாருங்க."

அது வேற, இது வேற

சேலையூர் பக்கம் ஒரு காலனி நலச் சங்கக் கூட்டம். குப்பை வண்டி நேரம் பற்றிப் பேசக் கூடினார்கள். பத்தே நிமிடத்தில் இலவசத்துக்கு வந்துவிட்டார்கள். ரிட்டயர் ஆன ஒரு சார் மைக்கை விடவே இல்லை. "டேக்ஸ் கட்றது நாம, அனுபவிக்கறது அவங்க. வேலைக்கு ஆளே வர்றதில்ல!" அவருக்கு டீ நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது, எங்கள் வேன் டிரைவர் பாபு அண்ணனின் மனைவி சாந்தி அக்கா. அந்தக் காலனியில்தான் மூன்று வீட்டு வேலை.

அந்தக் காலனியிலேயே இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் எழுந்து, "சார், உங்களுக்கு மாசாமாசம் பென்ஷன் வருதே, அதுவும் யாரோ கட்டற டேக்ஸ்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். சார் அந்த டீயை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது வேற, இது வேற. நீ மைக்கை ஆஃப் பண்ணும்மா."

நாலு சக்கரம்

சாந்தி அக்காவுக்கு முட்டி வலி. மூன்றாவது வீடு மாடியில். தொகை வந்தால் அந்த வீட்டை விட்டுவிடலாம் என்று விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். காரணம், குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறதாம். அதை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

வாகனம் வேறெதுவும் இல்லை, எங்கள் வேன்தான். செல்வம் அண்ணன் ஏற்கெனவே ஒரு கடனைக் கட்டாமல் விட்டதால் அவர் பெயருக்கு லோன் கிடைக்கவில்லை. பாபு அண்ணன் பெயரில் வாங்கி, மாசத் தவணை டியூவைச் செல்வம் அண்ணன் கட்டுகிறார். தாலுகா ஆபீஸிலிருந்து வந்த வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. மேடம், "வண்டி என்னோடதுன்னு உண்மையான ஓனர் எழுதிக் கொடுத்தா போதும்" என்று சொல்லியிருந்தார். பாபு அண்ணன் கேட்கும்போதெல்லாம் செல்வம் அண்ணன், "நாளைக்குப் பாக்கலாம்டா" என்பார். வேலை போய்விடுமோ என்று பாபு அண்ணனும் அதற்கு மேல் கேட்கவில்லை. மேல்முறையீட்டுக்குக் கடைசி வாய்ப்பு ஊரப்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடக்கும் முகாம்தான்.

இத்தனைக்கு நடுவிலும் சாந்தி அக்கா என்னைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனார்.

"எங்க வூட்டு நாலு சக்கரம் இன்னான்னா, எம் பொண்ணு சைக்கிளு. விழாம இருக்கப் பின்னாடி ரெண்டு குட்டி சக்கரம் மாட்டி வச்சிக்கிறோம், அதை எவனோ எண்ணிட்டான்."

முகாம்

இதோ, நீங்கள் காத்திருந்தது.

முகாமுக்கு மைக் செட் எங்களுடையது. அந்த மண்டபத்து மேனேஜர் மூக்கால் பேசுவார். எதைச் சொன்னாலும் "தயவு பண்ணி" என்று முடிப்பார். அன்றைக்கு அவர் லீவு. அது எனக்குத் தெரியும், செல்வம் அண்ணனுக்குத் தெரியாது. ஒரு தடவை வேனை போலீஸ் இழுத்துக்கொண்டு போனதிலிருந்து அண்ணனுக்கு அந்தப் பயம் போகவில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

மதியம் வரை பார்த்தேன். சாந்தி அக்கா டோக்கனோடு ஒரு காலில் பாரம் போட்டு வரிசையில் நின்றார். செல்வம் அண்ணன் வெளியே பஜ்ஜிக் கடையில் நின்றார். திரைக்குப் பின்னால் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"வாசல்ல வெள்ளை வேன் வழியை அடைச்சு நிக்குது. இழுத்துட்டுப் போக வண்டி வந்தாச்சு. வேன் ஓனர் உடனே மேடைக்கு வரவும், தயவு பண்ணி."

பஜ்ஜியோடு ஓடி வந்தார். மேடையில் ஆர்.ஐ. மேடம் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவருக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"வெள்ளை வேன் யாரோடதுங்க?"

"என்னோடது மேடம்!"

"ஆர்.சி. புக்ல பாபுன்னு இருக்கே?"

"அது பேருக்குத்தான் மேடம். அவன் டிரைவர். காசு போட்டது, டியூ கட்றது, சம்பாதிக்கறது எல்லாம் நான்தான்!"

"அப்படியே எழுதிக் கொடுங்க."

எழுதினார். எண்ணெய் விரலோடு கையெழுத்தும் போட்டார். மேடம் அதை சாந்தி அக்காவின் விண்ணப்பத்தோடு பின் அடித்து, "போதும்மா. இனிமே வந்துடும்" என்றார். காலையிலிருந்து நின்ற சாந்தி அக்கா அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

செல்வம் அண்ணன் வாசலுக்கு ஓடினார், பின்னாலேயே நானும். இழுக்கும் வண்டி எதுவும் இல்லை. வேன் போட்ட இடத்தில் ஒழுங்காக நின்றது. உள்ளே பாபு அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செல்வம் அண்ணன் காவலாளியிடம் மேனேஜர் எங்கே என்று கேட்டார். மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார் காவலாளி. அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மூக்கிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தேன்.

"ஏ பாப்பா, அது நீயா?"

"ஆமாண்ணா, தயவு பண்ணி."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மேடையைப் பார்த்தார், எண்ணெய்க் கையைப் பார்த்தார், பிறகு என் காதருகே குனிந்தார்.

"வேன் என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டேனே, இப்ப உங்க அண்ணிக்கு வர்றது நின்னுடுமா?"

இலவசத்தை நிறுத்து என்று பெருங்களத்தூருக்கே கேட்கும்படி முழங்கிய குரல், முதல் தடவையாக மைக் இல்லாமல் என் ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி பேசியது.