தாளம் மட்டும் காப்பி ஆகவில்லை

நகரியில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறிகள். பக்கத்திலேயே பஞ்சுத்தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர். வாலிபத்திலிருந்து நான் சேர்த்த பாட்டெல்லாம் அதற்குள்தான். தறி ஓடும்போது பாட்டும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது.

போன மாதம் கம்ப்யூட்டர் அடிக்கடி மயங்கி விழ ஆரம்பித்தது. பயந்துபோய் ஒயரைச் செருகி, எல்லாப் பாட்டையும் போனுக்கு ஏற்றினேன். பாதியில் என் மனைவி ஒயரைப் பிடுங்கித் தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டாள். கத்தித் தீர்த்துவிட்டு, மீதியை ஏற்றினேன். ஓடுகிற தறிப் பக்கத்தில் நின்று போட்டுப் பார்த்தேன். ஜோராகக் கேட்டது. கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டேன்.

மறுநாள் மகளைப் பார்க்க இருவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். புத்தூர் தாண்டியதும் இயர்போனை மாட்டினேன். பாட்டு இருக்கிறது, தாளத்தைக் காணோம்! அடுத்த பாட்டும் அப்படியே, உப்பில்லாத களி மாதிரி.

"இன்னாமே பண்ணி வெச்ச? நீ ஒயர புடுங்கனதுல தாளம் மொத்தமும் கம்ப்யூட்டர்லயே தங்கிடுச்சு!"

"ஆமாய்யா, நான்தான் துன்னுட்டேன்."

சாமான்காரன் இந்நேரம் அதை உடைத்திருப்பானே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருப்பதியில் இறங்கியதும் ஒரு போன் கடைக்குள் ஓடினேன். கடைக்காரர் கேட்டுவிட்டு, "பாட்ட பாகானே உந்தி கதன்னா" என்றார் தெலுங்கில். நன்றாகத்தான் இருக்கிறதாம்! என் முகத்தைப் பார்த்துத் தன் கம்ப்யூட்டரிலிருந்தும் அதே பாட்டைப் போட்டார். அதிலும் தாளம் இல்லை.

"உங்களுதுலயும் யாரோ ஒயர புடுங்கிக்கிறாங்க" என்றேன்.

என் மனைவி காதைக் கொடுத்துக் கேட்டாள். "அட கடவுளே! இது ஒப்பாரிய்யா. இத்த போட்டுக்கினா இத்தினி வருசமா ஆடிக்கினு இருந்த? தாளம் போட்டது நம்ம தறிய்யா!"

கடைக்காரர் மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மானம் போனால் போகட்டும், என் பாட்டு போகவில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் மறுபடி போட்டேன். சப்பென்று இருந்தது. அவள் மடியிலிருந்த டிபன் டப்பாவைத் தட்ட ஆரம்பித்தாள். தடக்குத் தடக்கு, தடக்குத் தடக்கு. அசல் எங்கள் தறியேதான். என் தலை தானாக ஆடியது. முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

"நிறுத்தாதமே" என்றேன்.

"புத்தூர் வரிக்கும்தான். அப்புறம் டப்பாவ நீ வாங்கிக்க, இயர்போன என் காதுல மாட்டு."