மரக்காணத்திலிருந்து பாண்டிக்கு, ஒரு பச்சை டார்ச்சோடு

போன மாசியில் நான் மரக்காணம் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி ஏழுமலை அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறான். "மாமா உடனே வரணும், அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்று ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

திண்டிவனத்தில் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடியுங்கள். அடுத்ததில் நிற்க இடம் கிடைக்காது. பெருமுக்கல் மலைக்கோயில் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காற்றில் உப்பு வந்துவிடும்.

ஏழுமலை பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான்.

"ஏம்பா, உப்போட சேர்ந்து நீயும் காயுறியா?" என்றேன். சிரிக்கவில்லை.

விதைப்பையில் வீக்கம். வருஷத்துக்கு மேலாக வேட்டிக்குள் மறைத்திருக்கிறான். ஊரில் நடந்த மருத்துவ முகாமில் பொதுவாக ஒன்று சொன்னார்களாம்: இருட்டில் டார்ச்சை ஒட்டிவைத்துப் பார்த்தால், சிவப்பாக ஒளிர்வது நீர்; ஒளிராதது கட்டி, சமயத்தில் புற்று. அங்கே பெண்கள் கூட்டம். காட்டக் கூச்சப்பட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தானே சோதித்திருக்கிறான். பொட்டு வெளிச்சம்கூட ஊடுருவவில்லை.

"கட்டிதான் மாமா. எம் பொண்டாட்டி செல்விகிட்டகூட இன்னும் சொல்லல. அவளுக்கும் புள்ளைங்களுக்கும் இனிமே நீதான்..."

"டேய், வாய மூடு. பாண்டி பஸ் வருது, ஏறு."

பாண்டிக்கு இருபது மைலுக்கு மேல். அனுமந்தையில் மீன்கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள். வேறு நாளாயிருந்தால் மீனையும் அவர்களையும் சேர்த்துக் கிண்டல் செய்திருப்பேன். ஏழுமலை மடியில் தன் டார்ச்சைப் பிடித்திருந்தான், டாக்டர் நம்பாவிட்டால் காட்டுவதற்கு.

பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தன் டார்ச்சை வைத்தார். வீக்கம் பழுத்த தக்காளி மாதிரி சிவந்து ஒளிர்ந்தது.

"நீர்தாம்பா."

"எங்க லைட்டுல போவலியே சார்!" என்று ஏழுமலை தன் டார்ச்சை நீட்டினான்.

அவர் அந்த டார்ச்சை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியின் மேல் பச்சைக் கண்ணாடித்தாள், இரண்டு மடிப்பு. உப்பளத்தில் விடியுமுன்னே வேலை தொடங்கும். வெள்ளை வெளிச்சம் உப்பில் பட்டால் கண் கூசும். அதனால் அவன் பாத்தியில் எல்லோருமே இப்படி ஒட்டுவார்கள். ஒட்டியதையே மறந்துவிடுவார்கள்.

டாக்டர் என் விரல் நுனிக்கு அடியில் பச்சையை வைத்தார்: இருட்டு. தன்னுடையதை வைத்தார்: நுனி முழுக்கச் சிவப்பு.

"பச்சைய ரத்தம் மேலயே குடிச்சிடும், ஆழம் போவாது. வெள்ளை வெளிச்சத்துக்குள்ள இருக்கற சிவப்ப அவ்வளவா குடிக்காது. சதைக்குள்ள அலைஞ்சு அந்தப் பக்கம் வந்துடும். அலைஞ்சு வர்றதால உருவத்தோட ஓரமெல்லாம் மங்கலாத்தான் தெரியும்."

"அப்ப பச்சை வீணா சார்?" என்றேன்.

ஏழுமலையின் கீழிமையை இழுத்துப் பச்சையை அடித்தார். சிவந்த இமையில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் துல்லியமாகத் தெரிந்தன. மேலே இருப்பதைப் பிரித்துக் காட்டப் பச்சை, ஆழத்துக்குச் சிவப்பு என்றார்.

மறுபடி வீக்கத்தில் சிவப்பு ஒளிர்ந்தபோது ஏழுமலை குனிந்து பார்த்தான்.

"சார், உள்ள அந்தக் கறுப்பு?"

டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அது விதைதாம்பா. நிழல் விழுது. எல்லாருக்கும் இருக்கும்."

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மாமாவுக்குமா சார்?"

என்னை எத்தனையோ பேர் கிண்டல் செய்திருக்கிறார்கள். அன்றுதான் அழுதேன்.

சின்ன அறுவை போதும் என்றார்கள். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: உப்பளத்தை விடியற்காலையில் பாருங்கள், வெயில் ஏறினால் கண் தாங்காது. இன்னொன்று: உடம்பில் வீக்கம் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். வெளிச்சம் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, டாக்டர் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பியதும் ஏழுமலை செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் டார்ச்சை எடுத்துப் பச்சைத்தாளை உரிக்கப் போனாள்.

"அத உடு புள்ள," என்றான். "காலைல வேலைக்குப் போவணும்."