எட்டொன்றாய் வற்றாத குடிநீர்

பரியாரியாரின் மகன் பொய் சொன்னார். மாலை போட்ட தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில் நின்று, நூறு பேருக்கு முன்னால், தெரிந்துகொண்டே பொய் சொன்னார். அந்த நூறு பேரில் நானும் ஒருத்தி. மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்த பிறகும் சொன்னார்.

பரியாரியார் என்பவர் எங்கள் ஊரின் நாட்டு வைத்தியர். சண்டிலிப்பாய்ப் பக்கத்துச் சிற்றூர் அது. அவர் காலமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் ஊரார் அவருக்கு நினைவுக்கூட்டம் வைத்தார்கள். மகன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாகப் பேசுவார். தகப்பன் சாதி பார்க்காமல் எல்லோருக்கும் மருந்து கொடுத்தார் என்றார். காசு வாங்கவில்லை என்றார். பிறகு சபையைச் சிரிக்க வைக்க ஒரு கதை சொன்னார். வேலிப் படலைக்கு வெளியே நின்று மருந்து வாங்கிப்போன ஒரு பெண், எட்டுப் பங்குத் தண்ணீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சச் சொன்ன குடிநீரை, அதுதான் கசாயத்தை, பாதியில் இறக்கி, ரசம் மாதிரிப் பிள்ளைக்குக் கொடுத்தாளாம். பக்குவம் தெரியாதவர்கள் கையில் நல்ல மருந்தும் கெட்டுப்போகும் என்று முடித்தார். சபை சிரித்தது.

அந்தப் பெண் என் அம்மா. அந்தப் பிள்ளை என் தங்கச்சி.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மருமகள், "விடுங்கோ மாமி, அது பழைய கதை. இப்ப ஆர் உதைப் பாக்கினம்?" என்றாள். "பழைய கதையெண்டால் அவர் ஏன் மேடையிலை ஏத்தினவர்? அவர் கதைக்கலாம், நான் கதைக்கப்படாதோ?" என்று கேட்டேன். அவள் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். எனக்குச் சோடித்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பரியாரியாரின் மருந்தில் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் குறிச்சியில் எல்லாருக்கும் அவருடைய கைமருந்துதான். மூக்கு ஒழுகும் தடிமனுக்கு மல்லியும் வேர்க்கொம்பு என்ற சுக்கும் போட்ட குடிநீர். நெஞ்சுச் சளிக்கு ஆடாதோடை இலை. தலைப்பாரத்துக்கு நொச்சியிலை அவித்து அந்த ஆவியில் வேது பிடிக்கச் சொல்வார். கைகால் உளைவுக்கு முடக்கொத்தான். எனக்குக் குக்கல் வந்து மாரி முழுக்க இருமியபோது, தேனில் குழைத்துத் தரச் சொன்ன தூதுவளைதான் என்னை எழுப்பிவிட்டது. இந்த இலைகள் பாதி ஊர் வேலிகளிலேயே நின்றன. அவர் காசு வாங்கவில்லை என்பதும் உண்மை. வாங்கவில்லை, ஆனால் அறுவடைக் காலத்தில் எங்கள் ஆண்கள் அவருடைய வயலில் கூலி கேட்காமல் நெற்கதிர் அறுத்து அருவி வெட்டினார்கள். மகன் அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

சாதி பார்க்கவில்லை என்றாரே, அதற்கு வருகிறேன். ஊர்ப் பெரியவர்கள் போனால் உள்ளே அழைத்துப் பாயில் இருத்தி நாடி பிடித்துப் பார்ப்பார். நாங்கள் படலைக்கு வெளியே நின்று 'நயினார்' என்று கூப்பிட வேண்டும். நோயாளியைக் கொண்டுபோனாலும் தொடமாட்டார். நாக்கை நீட்டச் சொல்லி எட்ட நின்று பார்ப்பார். மருந்துச் சரக்கை இலையில் சுற்றிப் படலைத் தூணின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அதன் பிறகு நாங்கள் எடுக்க வேண்டும். எங்கள் ஆடு சினைப்பட்டு வயிறு ஊதியபோது மட்டும் வெளியே வந்து, குந்தியிருந்து, வயிற்றைத் தடவிப் பார்த்தார். அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாமி, "எடியே, நயினார் ஆட்டைத் தொடுறார், எங்களைத் தொடேலாதாம். அடுத்த பிறப்பிலை ஆடாய்ப் பிறப்பம், நாடி பிடிச்சுப் பாப்பார்" என்றாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் நினைவுக்கூட்டத்தில் கேட்ட சிரிப்புக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இலை வேலியில் கிடைத்துவிடும். தண்ணீர் கிடைக்காது. எங்களுக்குக் கிணறு இல்லை. பரியாரியாரின் பின்வளவில் ஏற்றம் வைத்த துலாக் கிணறு இருந்தது. காலையில் குடங்களை வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டில் ஏறாமல் தள்ளி நிற்போம். வீட்டுக்காரர் யாராவது மனம் வந்தால் வாளியால் அள்ளி, குடத்தில் படாமல் உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள். பாதி குடத்துக்குள் போகும், பாதி மண்ணுக்குப் போகும்.

யுத்தம் தொடங்குவதற்கு முன்னைய ஒரு பங்குனி மாதம். எனக்குப் பத்து வயது இருக்கும், தங்கச்சிக்கு நாலு. குளம் வற்றி, மாடுகள் நின்ற சேறுதான் மிச்சம். ஒரு நாள் எங்கள் இளந்தாரி ஒருவன், நெடுநேரம் காத்து நின்ற கோபத்தில், தானே துலாக்கொடியைப் பிடித்து ஒரு வாளி அள்ளிவிட்டான். அதற்கு முழுக் குறிச்சிக்கும் தண்டனை வந்தது. எங்கள் பெரியவர்கள் வந்து விழுந்து மன்னிப்புக் கேட்கும்வரை ஒருவருக்கும் தண்ணீர் இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நாளில்தான் தங்கச்சி நோயில் படுத்தாள்.

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு படலைக்குப் போனாள்.

"நயினார், பிள்ளைக்கு நேற்றுத் தொட்டு வயித்தாலை போகுது. தண்ணி தண்ணியாய்ப் போகுது. கண்ணும் உள்ளுக்குப் போட்டுது."

"சத்தியும் இருக்கோ?"

"ஓம் நயினார். விடியவும் வாந்தி எடுத்தவள்."

பரியாரியார் உள்ளே போய்ச் சரக்கோடு வந்தார். "மாதுளங்கோது, வேர்க்கொம்பு, ஓமம். தட்டிப் போட்டு, எட்டுச் சுண்டு தண்ணி விட்டு ஒரு சுண்டாய் வத்தக் காய்ச்சு. சங்காலை கொஞ்சம் கொஞ்சமாய்ப் பருக்கு. வேறை பச்சைத்தண்ணி ஒரு சொட்டும் குடாதை, வயிறு இன்னும் இளகும்."

அம்மா மருந்தை மடியில் கட்டிக்கொண்டு அதே வளவின் பின்பக்கம் போனாள். அங்கே மகன் நின்றார். அப்போது இளந்தாரி; மீசை அரும்பிய வயது. துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பு நடந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. வெயிலில் அது மின்னியதை இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

"சின்ன நயினார், பிள்ளைக்குக் குடிநீர் காய்ச்சத்தான். ஒரு குடம் ஊத்துங்கோ."

"உங்கடை ஆக்களுக்கு ஊத்தக்கூடாதெண்டு சொல்லியிருக்கு. தெரியாதோ?"

"அப்புதான் மருந்து தந்தவர், நயினார்."

"அப்பு மருந்து தந்தால் அதை அப்புவிட்டைப் போய்க் கதை."

அம்மா திரும்பப் படலைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். "நயினார், தண்ணி தரமாட்டினமாம். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று அழுதாள். பரியாரியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்: "அது கிணத்தடி அலுவல். நான் மருந்துதான் சொல்லுவன்."

இதுதான் சாதி பார்க்காத வைத்தியம்.

அம்மா மறுபடியும் கிணற்றடிக்குப் போய், வாய்க்கால் ஓரத்து மண்ணில் முழங்காலில் இருந்தாள். வாய்க்காலில் கைவைத்து அள்ளியிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அள்ளினால் அன்றிரவே எங்கள் கூரை எரிந்திருக்கும். கடைசியில் மகன் வாளியைத் தூக்கி ஊற்றினார். குடத்தின் அடி நனைந்து, கொஞ்சம் ஏறியது. "காணும், போ. ஆரும் பாக்க முன்னம் போ" என்றார். வாளியில் இருந்த மிச்சத்தை வாய்க்காலில் கவிழ்த்தார்.

அது ஒருமுறை குடிநீர் காய்ச்சத்தான் போதும். அடுப்பில் வைத்தாள். தங்கச்சி பாயில் கிடந்து "தண்ணி, அம்மா, தண்ணி" என்று அனுங்கினாள். பிறகு சத்தமும் இல்லை; உதடு மட்டும் அசைந்தது. பச்சைத்தண்ணி கொடுக்கக்கூடாது என்பது பரியாரியாரின் கட்டளை. கொடுக்க நினைத்தாலும் வீட்டில் இல்லை. சட்டியில் இருந்த அந்த எட்டுச் சுண்டுதான் முழு நாளுக்கும். அதை ஒரு சுண்டாக்கினால் பிள்ளையின் தொண்டை நனையுமா? அம்மாவுக்குப் பக்குவம் தெரியும். எத்தனையோ முறை எட்டொன்றாய்க் காய்ச்சியவள் அவள். குடம் நிறைய இருந்திருந்தால் மூன்று தரம் காய்ச்சியிருப்பாள். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து சட்டியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பாதி வற்றியதும் விறகை வெளியே இழுத்துவிட்டாள். "குடிக்கட்டும், பாவம்" என்றாள். தங்கச்சி சங்கை விடாமல் உறிஞ்சினாள். அவள் கடைசியாக விரும்பிக் குடித்தது அதுதான். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

செய்தி கேட்ட பரியாரியார், "எட்டொண்டாய்க் காய்ச்சச் சொன்னனான். பாதியிலை இறக்கினால் நான் என்ன செய்யிறது?" என்று சொன்னாராம். அந்தச் சொல் ஊர் முழுக்கப் போனது. அம்மாவுக்கு 'ரசம் வைச்சவள்' என்று பெயர் விழுந்தது. எங்கள் குறிச்சிப் பெண்களே சண்டை வந்தால் அதைச் சொல்லிக் குத்தினார்கள். அதன் பிறகு அம்மா எங்கள் ஒருவருக்கும் தன் கையால் குடிநீர் காய்ச்சவில்லை. காய்ச்சல் வந்தால் பக்கத்து மாமியைக் கூப்பிடுவாள். சாகக் கிடந்தபோதும், "இன்னும் கொஞ்சம் வத்த விட்டிருக்கலாம், என்னடி?" என்று என்னிடம் கேட்டாள். நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

பின்னாளில் நான் ஆஸ்பத்திரி ஒன்றில், பிள்ளைகள் வாட்டில் துப்புரவு வேலை செய்தேன். வயிற்றாலை போய்க் கண் குழிவிழுந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வருவார்கள். முதல் நாளே நேர்ஸ் ஒரு தாயை ஏசியது என் காதில் விழுந்தது: "தண்ணி குடுங்கோ அம்மா! போகப் போகக் குடுங்கோ! பிள்ளைக்குத் தண்ணிதான் இல்லை!" நான் கையில் இருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போய் நின்றேன். என் அம்மா அதைத்தான் செய்தாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், கட்டளையை மீறி, இருந்ததில் கூடிய தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அதைச் சொல்ல அவளைத் தேடினால், அவளைச் சுடலையில் எரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஒரு குடம் தண்ணீர் இருந்தால் தங்கச்சி பிழைத்திருப்பாள் என்று சத்தியம் பண்ண நான் டாக்குத்தர் இல்லை. பரியாரியாரும் போய்விட்டார், அவருக்குத் தெரியாதது தெரியாததுதான், அதற்காக அவருடைய படத்தோடு நான் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் கிணற்றடியில் நின்றவர் உயிரோடு இருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். பாதியில் இறக்கிய குடிநீரைச் சபையில் சொன்னவர், பாதியும் நிறையாத குடத்தைச் சொல்லவில்லை.

ஐயா, தலைமை வாத்தியாரே, உங்களைத்தான் கேட்கிறேன். இனி நயினார் என்று கூப்பிடமாட்டேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். தனியாக வந்து மனம் வருந்துகிறேன் என்று சொல்லவும் வேண்டாம். என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களை மறுபடியும் கூட்டுங்கள். நான் முன் வரிசையில் வந்து இருக்கிறேன். அன்றைக்கு என் அம்மாவின் குடத்தில் எவ்வளவு ஊற்றினீர்கள், மிச்சத்தை எங்கே கவிழ்த்தீர்கள் என்று அவர்களுக்கு முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள்.