கூடத்தில் வந்து நின்ற காட்டேரி

அவளை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக் கூடத்து டி.வி.யில், பகல் பதினொரு மணிக்கு. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி களைந்த ஈரக்கையோடு எட்டிப் பார்த்தேன். பெரிய கல் மாளிகை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. படிக்கட்டின் மேலே ஒரு பெண் நிற்கிறாள். கூறைப்புடவை நிறத்தில் தரையில் புரளும் அங்கி, விரித்த தலைமயிர், சுண்ணாம்பு பூசிய மாதிரி முகம், வாயோரம் ரத்தம். என் மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, கையில் பிடித்த கருவியில் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் படியிறங்கினாள். அவசரமே படவில்லை. வந்து, மகள் ஆட்டிவைத்த வீரனின் கழுத்தில் வாயை வைத்தாள். திரை முழுக்கச் சிவந்துபோயிற்று. மகள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"யாருடி அவ?"

"ரத்தக் காட்டேரி. வில்லி."

அன்றைக்கு அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

எனக்கு நாற்பதை ஒட்டிப் பிறந்த ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஆறாம் மாதத்தில் அவள் வயிற்றிலேயே பிள்ளை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மாப்பிள்ளை அவளைத் திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு நடந்துகொண்டிருந்த நேரம். நான் வயல் பக்கமே போகவில்லை. ஏனென்றால் வந்ததிலிருந்து அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். அழுகிறவளைத் தேற்றலாம். இவள் சோற்றை வைத்தால் பிசைவாள், பிறகு கையைக் கழுவிவிடுவாள்.

பால் மட்டும் கட்டிக்கொண்டு வலித்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கடைத்தெருவுக்குப் போனேன்.

"என்னம்மா, இவ்ளோ பூ கேக்குறீங்க? வீட்ல விசேஷமா?" என்றாள் பூக்காரி.

"ஆமா, விசேஷந்தான். வாடினது இல்லாம அளந்து போடு" என்றேன். யார் எதிரிலும் முகம் சுருங்கி நின்று எனக்குப் பழக்கமில்லை.

பூவை வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினேன். அப்போதும் அவள் கண் திரையில்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"இது பாகம் பாகமா வர்ற கேம்மா. காலேஜ்லேருந்து ஆடுறேன். ஒவ்வொரு பாகத்துலயும் கடைசில இவளைக் கொன்னுடுவோம். அடுத்த பாகத்துல எந்திரிச்சு வந்துடுவா."

"செத்தவ எப்படிடி வருவா?"

"காட்டேரிம்மா. அவளுக்கு அதானே வேலை."

எனக்குக் காட்டேரி புதியவள் இல்லை. எங்கள் வீட்டுக்கு அவள்தான் சாமி. கோயில் கிடையாது, சிலை கிடையாது. வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருந்தால், கர்ப்ப ரத்தம் தேடி அவள் வந்துவிடாதபடிக்குக் கொல்லையில் படையல் வைப்போம். முருங்கைக்கீரை, கருவாடு, முட்டை, சோறு. பொம்பளைகள் மட்டும்தான் இருக்கலாம். ஆண்பிள்ளைகள் அந்தச் சோற்றை வாயில் வைக்கக் கூடாது. எனக்கு என் மாமியார் வைத்தார். மகளுக்கும் ஐந்தாம் மாதம் வைக்கலாம் என்று கூப்பிட்டேன். "ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்கும்மா. இதுக்கெல்லாம் லீவு தரமாட்டாங்க" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

என் ஓரகத்தி துக்கம் விசாரிக்க வந்தாள். மகளுக்குப் பெரியம்மா முறை. டம்ளரை ஊதிக்கொண்டே, மகள் காதில் விழும்படி சொன்னாள்: "வயித்துப் புள்ளக்காரிக்குப் படையல் வைக்காம விட்டா அவ சும்மா இருப்பாளா? சாமி காரியம்டி இது."

"காப்பி ஆறிடும்க்கா. குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்தப் படிக்கட்டைக்கூட அவளால் தாண்ட முடியவில்லை. காட்டேரி வந்து வந்து குடித்தாள்.

மறுநாள் மத்தியானம் ரசம் சாதத்தோடு நான் கூடத்துக்கு வந்தபோது, திரையில் அந்தப் பெண் மண்டியிட்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே வாள் ஓங்கியிருந்தது. தட்டைக் கீழே வைத்தேன். கை தானாகக் குவிந்துவிட்டது.

"வேணாம்டி. அடிக்காத. அவ நம்ம சாமி."

மகள் ஒரு பொத்தானை அமுக்கினாள். படம் அப்படியே நின்றது.

"சாமியா? எம் புள்ளயக் குடிச்சவளுக்கு நான் கருவாடு வறுத்துப் போடணுமா? பெரியம்மா வாய்விட்டுச் சொன்னாங்க. நீ மனசுல வெச்சிக்கிட்டே சோறு போடுற. அவ்ளோதானே?"

அவள் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்தச் சாமிக்கு எங்கள் வீட்டில் குறை வைத்ததே கிடையாது என்று எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்னவள் நான். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தேன். இப்போது நான் சாமி பக்கம் நின்றால் இவள் சாயங்கால பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொள்வாள். பிறகு இந்த வாசலை மிதிக்கமாட்டாள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொல்லு" என்றேன்.

"என்ன?"

"கொல்லுங்கிறேன். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். படம் நகர்ந்தது. அதற்குள் காட்டேரி எழுந்துவிட்டாள். ஒரு வாள் வெட்டுக்குச் சாகிறவளா அவள்? தூணுக்குத் தூண் தாவினாள், புகையாய்ப் போய் முதுகுப் பக்கம் முளைத்தாள்.

"பின்னாடி வர்றாடி!"

"தெரியுதும்மா, கத்தாத."

"தெரிஞ்சா ஏன் கடி வாங்குற?"

மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது அவளுக்கு. சிரிப்பு என்று சொல்ல முடியாது. நான் மனசுக்குள், தாயே, என்னை எது வேண்டுமானாலும் செய்துகொள், இவளை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே, வாயால் "விடாத, விடாத" என்றேன்.

கடைசியில் காட்டேரி விழுந்தாள். கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. சிவப்பு அங்கி தரையெல்லாம் பரவிக் கிடக்க, பிள்ளை பெற்று ஓய்ந்தவள் மாதிரி முகத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டாள். திரை இருண்டது. இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாகப் பெயர்கள் மேலே ஏறின.

மகளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பார்த்தேன். கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கொன்னாச்சும்மா" என்றாள். "ஒண்ணுமே ஆகல."

பிறகு வந்தது அழுகை. என் மடியில் விழுந்து, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். நான் முதுகைத் தடவவுமில்லை, அழாதே என்று சொல்லவுமில்லை.

"பொண்ணும்மா."

மாப்பிள்ளை அதை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"யாரு சாயல்டி?"

"பாக்கலம்மா. துணியில சுத்திக் குடுத்தாங்க. பிரிச்சுப் பாக்கப் பயமா இருந்துச்சு. அவரு வாங்கிட்டுப் போயிட்டாரு."

வெகுநேரம் கழித்துத் தட்டை எடுத்து, ஆறிப்போன சாதத்தைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டேதான் வாங்கிக்கொண்டாள்.