ஜம்போவுக்கு வண்டிப் பூசை

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது பணத்தாலோ சொந்தக்காரர்களாலோ வராது, விமானத்தால்தான் வரும். நானும் என் வீட்டுக்காரரும் மாதிரி விமானங்கள் சேர்ப்பவர்கள். எனக்குப் பழசுதான் பிடிக்கும்: நான்கு என்ஜின், முன்பக்கம் ஒரு திமில், உருண்டு திரண்ட வயிறு. அவருக்குப் புதுசு: இரண்டே என்ஜின், ஒல்லி உடம்பு, நுனி மடங்கிய இறக்கை. அவருடையவை எல்லாம் எனக்கு ஒரே அச்சில் வார்த்தவை. என்னுடையவை அவருக்கு எண்ணெய் குடிக்கும் பூதங்கள்.

ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் கண்ணாடி அலமாரி ஒன்றுதான். அதன் மேல்தட்டுதான் உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும். கல்யாணமான நாளிலிருந்து அங்கே அவருடைய ஒல்லிக்குச்சிகள்தான் நிற்கின்றன. நான் தவமாய்த் தவமிருந்து தேடிய நான்கு என்ஜின் ஜம்போ விமானம் போன மாதம் கைக்கு வந்ததும், அதற்கு மேல்தட்டைக் கேட்டேன்.

"இது பொம்மைமா. கீழ்த்தட்டுல வை," என்றார்.

"அப்ப ஒங்களோடது?"

"அது விமானம்."

எனக்குச் சுருக்கென்றது. "புது வண்டி வாங்குனா கோயில்ல பூசை போடுறோம்ல? இதுக்கும் போட்டுட்டு வரேன், பாருங்க."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயரு மட்டும் இத வண்டினு ஒத்துக்கிட்டுப் பூசை போட்டாருன்னா, மேல்தட்டு ஒனக்குத்தான்லா!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு புதுக் கார், பின்னால் ஒரு லோரி. நடுவில், தரையில் விரித்த வாழையிலையின் மேல் என் ஜம்போ. நான் தோற்பதைப் படம் பிடிக்க என் வீட்டுக்காரர் கைப்பேசியோடு மதிலோரம் நின்றார். அலுவலகத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவள் நான். அங்கே யார் முகத்தையும் பார்க்காமல் வாழையிலையை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

"வண்டி எங்கம்மா?" என்று கேட்டார் ஐயர்.

தரையைக் காட்டினேன். குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"நம்பர் இருக்கா?"

"இருக்கு சாமி! வால்கிட்ட பாருங்க!"

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாலோரம் பொடி எழுத்தில் இருந்த பதிவு எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"நம்பர் இருந்தா வண்டிதான்," என்று சொல்லி, சந்தனத்தைத் தொட்டு ஜம்போவின் மூக்கில் வைத்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மேல்தட்டு என்னுடையது! லோரிக்கார அண்ணன் இறங்கி வந்து சக்கரங்களை எண்ணினார். "பதினெட்டு இருக்குக்கா! என் லோரிய விட அதிகம்!"

எலுமிச்சம்பழம் வைக்கும்போதுதான் திண்டாட்டம் வந்தது. பழத்துக்கு முன்னால் சக்கரம் மிளகு அளவுக்குத்தான் இருந்தது. வண்டி ஏறிப் பழம் நசுங்கினால்தானே பூசை முடியும்? ஐயர் கொஞ்சம் யோசித்து, மதிலோரம் நின்றவரைக் கைகாட்டி அழைத்தார்.

"பழத்த லோரி நசுக்கட்டும். இது வானத்துல போற வண்டி. நீங்க தூக்கிக்கிட்டு மேலால ஓட்டிட்டுப் போங்க."

முகம் சுண்டிப்போய் வந்த மனிதர், என் ஜம்போவை இரண்டு கைகளாலும் ஏந்தினார். பழத்துக்கு மேலே போனதும் அதன் மூக்கு தானாக நிமிர்ந்தது. பிறகு இரண்டு என்ஜின்காரரின் வாயிலிருந்து நான்கு என்ஜின் சத்தம் கிளம்பியது! இறக்கையைச் சாய்த்துக் காரைச் சுற்றினார், லோரியைச் சுற்றினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மனிதரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

"போதும்ங்க, எறக்குங்க! வீட்டுக்குப் போயி மேல்தட்டக் காலி பண்ணணும்!"

"ரன்வேல லோரி நிக்குதுலா, எப்படி எறக்குறது?" என்று கத்திவிட்டு, அவர் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார்.